எச்.ஐ.வி.யுடன் வாழும் கறுப்பின மக்களும் கொரோனாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஏப்ரல் முதல் வாரத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரம் தன் கொரோனா இறப்புகளை இனவாரியாகப் பிரித்து வெளியிட்டது. நகர மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த கறுப்பினத்தவர், இறந்தவர்களில் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்தார்கள். லூயிசியானா மாநிலமும் அதே நாட்களில் ஏறக்குறைய இதே கணக்கைச் சொன்னது. எச்.ஐ.வி.யும் அந்நாட்டில் கறுப்பினத்தவரையே அதிகம் பாதித்திருப்பதால், இரண்டு தொற்றும் ஒரே உடலில் சேர்ந்தால் என்ன நேரும் என்ற அச்சம் உடனே எழுந்தது. தொடக்கத்தில் அதற்கு ஊகங்களே விடையாக இருந்தன. பின்னர் நியூயார்க், இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களின் பெரிய பதிவேடுகளிலிருந்து தெளிவான விடைகள் வந்தன. கீழ்வரும் பதில்கள் பெரும்பாலும் அவற்றை அடிப்படையாகக் கொண்டவை.

கறுப்பின மக்கள் என்று இங்கே யாரைச் சொல்கிறோம்?

மூன்று வெவ்வேறு சூழல்களில் வாழும் மக்களைச் சொல்கிறோம். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம், அங்கு எச்.ஐ.வி.யுடன் வாழும் ஏறத்தாழ 12 லட்சம் பேரில் அவர்கள் சுமார் 40 சதவீதம். இங்கிலாந்தில் இச்சொல் பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் குறிக்கும். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவரே பெரும்பான்மையினர். உலகிலேயே அதிகமாக, 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி.யுடன் வாழும் நாடும் அதுதான். ஒரு நாட்டின் எண்ணை எடுத்து இன்னொரு நாட்டுக்குப் பொருத்தினால் பிழையான முடிவுக்கே வருவோம். எனவே ஒவ்வொரு எண்ணும் எந்த நாட்டுக்குரியது என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டுகிறோம்.

எச்.ஐ.வி. இருந்தால் கொரோனா எளிதில் தொற்றிக்கொள்ளுமா?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. நியூயார்க் மாநிலம் தன் எச்.ஐ.வி. பதிவேட்டையும் கொரோனா பரிசோதனைப் பதிவேட்டையும் மருத்துவமனைப் பதிவேட்டையும் இணைத்துப் பார்த்து, 2021 பிப்ரவரியில் முடிவுகளை வெளியிட்டது. எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்த 1,08,062 பேரில் 2,988 பேருக்குக் கொரோனா உறுதியாகியிருந்தது. அதாவது ஆயிரம் பேருக்கு 27.7 பேர். மற்றவர்களிடம் இது ஆயிரத்துக்கு 19.4 பேர்தான். இதை மட்டும் பார்த்தால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தொற்று மிகுதி என்றே தோன்றும். ஆனால் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள். முதல் அலை கோரமாக அடித்த நியூயார்க் நகரத்திலேயே அவர்கள் அதிகம் வசிக்கிறார்கள். வயது, பாலினம், வசிக்கும் பகுதி ஆகிய மூன்றையும் சமன்செய்து கணக்கிட்டபோது அந்த வேறுபாடு மறைந்தே போனது.

ஆனால் அதே பதிவேட்டுக்குள், எச்.ஐ.வி. உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு இனவாரியாகப் பிரித்தபோது வேறுபாடு மறையவில்லை. வெள்ளையினத்தவரைவிடக் கறுப்பினத்தவருக்குக் கொரோனா உறுதியாவது ஒன்றரை மடங்குக்கும் மேலாக இருந்தது. உடலுக்குள் இருக்கும் வைரஸ் ஒன்றேயாக இருந்தும் வெளியிலிருந்து வரும் வைரஸை எதிர்கொள்ளும் வாய்ப்பு ஒன்றாக இருக்கவில்லை.

தொற்றிய பிறகு நோய் கடுமையாகுமா?

ஆம், ஓரளவுக்கு. எந்த அளவுக்கு என்பது ஒருவருடைய எச்.ஐ.வி. எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது.

முதல் உறுதியான விடை தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்திலிருந்து வந்தது. அம்மாகாணத்தின் அரசு மருத்துவமனைகளில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனி அடையாள எண் உண்டு. ஒருவர் காசநோய்க்குப் போனாலும், நீரிழிவுக்குப் போனாலும், எச்.ஐ.வி. மருந்து வாங்கப் போனாலும் அதே எண்ணில்தான் பதிவாகும். அந்த ஏற்பாட்டின் பயனாகத்தான், வேறு நாடுகள் சில நூறு நோயாளிகளை வைத்துக்கொண்டு குழம்பிய நேரத்தில், 34 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் பதிவுகளை அவர்களால் ஒரே பார்வையில் ஆராய முடிந்தது. 2020 மார்ச் முதல் ஜூன் தொடக்கம் வரையிலான அக்காலத்தில் 22,308 பேருக்குக் கொரோனா உறுதியாகி 625 பேர் இறந்திருந்தார்கள். வயதையும் பிற நோய்களையும் சமன்செய்த பிறகு, எச்.ஐ.வி. உள்ளவர்கள் கொரோனாவால் இறக்கும் அபாயம் மற்றவர்களைப் போல 2.14 மடங்காக இருந்தது.

இரண்டு மடங்கு என்றதும் திகில் ஏற்படுவது இயல்பு. ஆனால் அதே ஆய்வு இன்னொரு கணக்கையும் சொன்னது. ஐந்தில் ஒரு பெரியவருக்கு எச்.ஐ.வி. இருக்கும் நாட்டில், மொத்தக் கொரோனா இறப்புகளில் எச்.ஐ.வி.யின் பங்கு என்று தனியே கணக்கிடக்கூடியது சுமார் 8 சதவீதம் மட்டுமே. முதுமையின் பங்கும் நீரிழிவின் பங்கும் அதைவிடப் பல மடங்கு பெரியவை. பயந்தபடி எச்.ஐ.வி. பிரிவுகள் நோயாளிகளால் நிரம்பி வழியவில்லை.

பிறகு 2021 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம், பல நாடுகளில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சுமார் 15,000 எச்.ஐ.வி. நோயாளிகளின் தரவை வைத்து, அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 30 சதவீதம் கூடுதல் என்று அறிவித்தது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள்.

அப்படியானால் எச்.ஐ.வி. உள்ள கறுப்பினத்தவருக்கு, எச்.ஐ.வி. உள்ள மற்றவர்களைவிட ஆபத்து கூடுதலா?

இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தேடிய பெரிய ஆய்வு இங்கிலாந்தினுடையது. 1 கோடியே 73 லட்சம் பெரியவர்களின் குடும்ப மருத்துவர் பதிவுகளை அது ஆராய்ந்தது; அவர்களில் 27,480 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. எச்.ஐ.வி. இருப்பதால் கூடும் இறப்பு அபாயம் கறுப்பினத்தவரிடம் 4.31 மடங்காகவும் மற்றவர்களிடம் 1.84 மடங்காகவும் தெரிந்தது. இந்த எண்கள் செய்திகளில் பரவலாக வந்தன. பின்னணி மட்டும் வரவில்லை.

ஆய்வுக் காலத்தில் நேர்ந்த 14,882 கொரோனா இறப்புகளில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25 பேர். அந்த 25 பேரை இனவாரியாக இரண்டாகப் பிரித்துத்தான் மேற்சொன்ன மடங்குகள் கணக்கிடப்பட்டன. ஆகவே கறுப்பினத்தவருக்கான உண்மை மதிப்பு 2.42-லிருந்து 7.65 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், மற்றவர்களுக்கு 1.03-லிருந்து 3.26 வரை. இரண்டு வரம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைக் கவனியுங்கள். இன்னொரு குறையும் உண்டு. இங்கிலாந்தில் எச்.ஐ.வி. சிகிச்சை குடும்ப மருத்துவரிடம் அல்லாமல் தனிச் சிறப்பு மையங்களில் நடப்பதால், யாருடைய சிடி4 எண்ணிக்கை (நோயை எதிர்க்கும், எச்.ஐ.வி. அழிக்கும் வெள்ளணுக்களின் அளவு) எவ்வளவு, யாருக்கு வைரஸ் கட்டுக்குள் இருந்தது என்ற விவரம் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆப்பிரிக்காவில் பிறந்து அங்கு குடியேறியவர்களிடம் எச்.ஐ.வி. தாமதமாகக் கண்டறியப்படுவது வழக்கமாக இருக்கும் நாட்டில் இது சிறிய குறை அல்ல.

நியூயார்க் தரவு இங்கே மிகவும் உதவுகிறது. கறுப்பினத்தவருக்குத் தொற்று உறுதியாவது அதிகம் என்று மேலே சொன்னோம். ஆனால் தொற்று உறுதியான பிறகு மருத்துவமனையில் சேர்க்கப்படுவதிலோ, சேர்க்கப்பட்ட பிறகு இறப்பதிலோ, எச்.ஐ.வி. உள்ள கறுப்பினத்தவருக்கும் வெள்ளையினத்தவருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. இனம் தன் வேலையை நோயாளி மருத்துவமனை வாசலுக்கு வருவதற்கு முன்பே முடித்துவிடுகிறது என்று இதைப் படிக்கலாம். எங்கள் வாசிப்பும் அதுதான். இங்கிலாந்தின் 4.31-ஐ விடக் கூடுதலான நோயாளிகளைக் கொண்ட இந்த முடிவுக்கே நாங்கள் அதிக எடை கொடுக்கிறோம்.

மருத்துவமனை வாசலுக்கு முன் என்ன நடக்கிறது?

முதலில் வேலை. பேருந்து ஓட்டுநர், மருத்துவமனை உதவியாளர், முதியோர் இல்லப் பணியாளர், இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளி, பலசரக்குக் கடை ஊழியர் என்று வீட்டிலிருந்தபடி செய்யவே முடியாத வேலைகளில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பங்கு மிகுதி. காய்ச்சல் வந்தால் ஊதியத்துடன் விடுப்பு கிடைக்காத வேலைகளும் இவற்றில் பல. அடுத்தது வீடு. மூன்று தலைமுறையினர் இரண்டு அறைகளில் வாழும் வீட்டில் ஒருவரைத் தனிமைப்படுத்துவது எப்படி என்று அறிவுரைத் துண்டறிக்கைகளில் யாரும் எழுதவில்லை.

மூன்றாவது, உடலில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் நோய்கள். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய், உடற்பருமன் ஆகிய நான்கும் கொரோனாவைக் கடுமையாக்குபவை; நான்குமே அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் பரவலாக உள்ளவை. எச்.ஐ.வி.யுடன் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர்களிடம் இவை சற்று முன்கூட்டியே வருகின்றன. 50 வயது எச்.ஐ.வி. நோயாளியின் இதயமும் சிறுநீரகமும் அவருடைய பிறந்த தேதி சொல்வதைவிட மூத்தவையாக இருப்பதுண்டு.

நான்காவது, காப்பீடு. அமெரிக்காவில் புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் பாதிக்கு மேல் தென் மாநிலங்களில் கண்டறியப்படுகின்றன. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்க மறுத்த மாநிலங்கள் பலவும் அங்குதான் இருக்கின்றன: டெக்சாஸ், ஜார்ஜியா, புளோரிடா, அலபாமா, மிசிசிப்பி. எச்.ஐ.வி. மருந்து மட்டும் 1990-இல் வந்த ரயன் ஒயிட் சட்டத்தின் உதவியால் கிடைத்துவிடும். இரத்த அழுத்த மருந்துக்கும் நீரிழிவு மருந்துக்கும் அப்படி ஒரு சட்டம் இல்லை. வைரஸைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஒருவர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க முடியாமல் கொரோனாவில் சிக்கிய கதை அங்கே அபூர்வமானதாக இருக்கவில்லை.

இதில் மரபணுவுக்குப் பங்கே இல்லையா?

ஒரே ஓர் இடத்தில் உண்டு. அந்த இடம் சிறுநீரகம். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் இரண்டு மாற்று வடிவங்கள் பரவலாக உள்ளன. ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியிலிருந்து காப்பதால், அந்த வடிவங்கள் தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டன. பெற்றோர் இருவரிடமிருந்தும் அவற்றைப் பெற்றவர்களுக்கு அதே பாதுகாப்பு வேறொரு வகையில் வினையாகிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் அத்தகையவர். கடுமையான வைரஸ் தொற்று வரும்போது சிறுநீரக வடிகட்டிகள் சுருங்கிச் சிதையும் ஒருவகை நோய் அவர்களுக்கு ஏற்படலாம்.

1980-களில் எச்.ஐ.வி. நோயாளிகளிடம் இந்தச் சிதைவு முதலில் விவரிக்கப்பட்டது. கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு அது அரிதானது. 2020-இல் கொரோனா நோயாளிகளின் சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள் அதே சிதைவை மறுபடியும் கண்டார்கள். நோயாளிகள் பெரும்பாலும் அதே மரபணு வடிவங்களைக் கொண்ட கறுப்பினத்தவர். எனினும் சிகாகோவின் 70 சதவீதத்தை இந்த மரபணு விளக்காது. அது சிலருடைய சிறுநீரகத்தைப் பற்றிய செய்தி. ஓர் இனத்தின் இறப்புப் பட்டியலைப் பற்றியது அல்ல.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கறுப்புத் தோலில் சரியாக வேலை செய்யாது என்பது உண்மையா?

சில வேளைகளில் ஏமாற்றும் என்பது உண்மை. பல்ஸ் ஆக்சிமீட்டர் விரல் நுனி வழியாகச் சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, மறுபுறம் வந்து சேரும் ஒளியை அளக்கிறது. ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் இந்த இரண்டு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், விகிதத்தைப் பார்த்துச் சதவீதம் சொல்லிவிடுகிறது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும் என்பதுதான் சிக்கல். வெளிர்நிறத் தோல் உள்ளவர்களைப் பெரும்பான்மையாக வைத்து அளவிடப்பட்ட கருவி, அடர்நிறத் தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.

2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதை எண்ணாக்கிக் காட்டினார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, உண்மையில் 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையின நோயாளிகளில் 3.6 சதவீதத்தினருக்கு, கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதத்தினருக்கு. கொரோனா வார்டில் இந்த எண்ணை வைத்துத்தான் ஆக்சிஜன் தருவதா, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுத்தார்கள். 93 என்று பச்சை எழுத்தில் ஒளிரும் திரையைப் பார்த்து நிம்மதியடைந்த மருத்துவரையும், மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த நோயாளியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் நோயாளியின் வாய்ச்சொல்தான் சரியான கருவி. மூச்சுத்திணறல் இருந்தால், திரை என்ன சொன்னாலும் அதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும்.

சிடி4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும்?

200-க்குக் கீழே என்றால் கவலைப்பட வேண்டும். வைரஸ் கட்டுக்குள் இல்லாவிட்டாலும் அப்படியே. நியூயார்க்கில் எச்.ஐ.வி. நிலை முற்ற முற்ற மருத்துவமனையில் சேரும் அபாயம் படிப்படியாக ஏறியது. உலக சுகாதார நிறுவனத்தின் தரவும் அதையே சொன்னது. ஒரு சிறு எச்சரிக்கை: கொரோனாக் காய்ச்சலின்போது சிடி4 எண்ணிக்கை தற்காலிகமாக விழும். படுக்கையில் எடுத்த எண்ணைக் கண்டு, மருந்து தோற்றுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். முந்தைய அளவுகளையும் வைரஸ் சுமையையும் (இரத்தத்தில் உள்ள எச்.ஐ.வி.யின் அளவு) சேர்த்தே பார்க்க வேண்டும்.

காசநோய் வந்து போனவர்களுக்கு?

நுரையீரல் வடு ஆறினாலும் வடுதான். மேற்குக் கேப் ஆய்வில், அப்போது காசநோய் இருந்தவர்களின் கொரோனா இறப்பு அபாயம் 2.7 மடங்கு, முன்பு வந்து குணமானவர்களுக்கும் ஒன்றரை மடங்கு. தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி.யும் காசநோயும் கைகோத்தே நடப்பவை.

எச்.ஐ.வி. நோயாளிகளின் உடலில்தான் புதிய கொரோனா வகைகள் உருவாகின்றன என்கிறார்களே?

இதன் பின்னால் ஓர் உண்மை நிகழ்வு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில், பல ஆண்டுகளாக எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்த ஒரு பெண்ணின் உடலில் கொரோனா வைரஸ் 216 நாட்கள் தங்கியிருந்தது. அவர் எடுத்துவந்த மருந்து எச்.ஐ.வி.க்கு எதிராகச் செயலிழந்திருந்தது. சிடி4 மிகக் குறைவு. அந்த ஏழு மாதங்களில் வைரஸில் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்ந்தன. தென்னாப்பிரிக்காவில் பரவிய பீட்டா என்ற கொரோனா வகையில் கவலை தந்த மாற்றங்கள் சிலவும் அவற்றில் இருந்தன. டர்பன் ஆய்வாளர்கள் 2021-இல் இதை வெளியிட்டார்கள். அந்தப் பெண்ணின் எச்.ஐ.வி. மருந்தை மாற்றி, எச்.ஐ.வி. கட்டுக்குள் வந்த பிறகு கொரோனாவும் உடலைவிட்டு நீங்கியது. அதிகம் பேசப்படாத பகுதி இதுதான். எங்களுக்கு இதுவே மிக முக்கியமானதாகப் படுகிறது.

இப்படி நீண்டு தங்கும் தொற்று எச்.ஐ.வி.க்கு மட்டும் உரியதும் அல்ல. இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களிடமும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்பவர்களிடமும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். 2021 நவம்பர் 24 அன்று ஒமிக்ரானைப் பற்றி உலகுக்கு முதலில் அறிவித்தவர்கள் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள். சில நாட்களுக்குள் அவர்கள் நாட்டுக்குப் பயணத் தடையும் அவர்கள் நோயாளிகளுக்குப் பழியும் கிடைத்தன. ஒமிக்ரான் எந்த உடலில் பிறந்தது என்று எவரும் நிறுவவில்லை. கட்டுப்பாட்டில் இருக்கும் எச்.ஐ.வி. இத்தகைய நீண்ட தொற்றுக்கு இடம் கொடுப்பதில்லை.

எச்.ஐ.வி. மருந்து உண்பவர்களைக் கொரோனா கடுமையாகத் தாக்காது என்று கேள்விப்பட்டேன். சரியா?

சரியில்லை. தொடக்கத்தில் லோபினாவிர்-ரிடோனாவிர் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்தின்மேல் பெரும் நம்பிக்கை இருந்தது. 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வும், ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வும் அதனால் பயனில்லை என்று முடித்துவைத்தன. மேற்குக் கேப் தரவில் டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை உண்டவர்கள் குறைவாக இறந்ததாகத் தெரிந்ததும் மற்றொரு நம்பிக்கை பிறந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் டெனோஃபோவிர் தருவதைத் தவிர்ப்பார்கள் என்பதால், அதை உண்பவர்கள் முதலிலேயே சற்று ஆரோக்கியமானவர்கள். மருந்தை ஒழுங்காக உண்பதன் பயன் எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைப்பதில்தான் இருக்கிறது. அந்தப் பயனே போதுமானது.

கொரோனா மாத்திரையான பாக்ஸ்லோவிட்டை எடுத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலானோர் எடுத்துக்கொள்ளலாம். அதன் அட்டையில் காலைக்கு மூன்று, மாலைக்கு மூன்று என்று மாத்திரைகள் இருக்கும்: இரண்டு இளஞ்சிவப்பு, ஒன்று வெள்ளை, ஐந்து நாட்களுக்கு. இளஞ்சிவப்பு மாத்திரைதான் கொரோனாவுக்கு எதிரானது. வெள்ளை மாத்திரை ரிடோனாவிர், எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பழக்கமான பெயர். முதல் மருந்தைக் கல்லீரல் விரைவில் உடைத்துவிடாமல் தடுப்பதே அதன் வேலை. ஏற்கெனவே ரிடோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் உள்ள எச்.ஐ.வி. மருந்தை உண்பவர்கள் அதை நிறுத்தாமல் பாக்ஸ்லோவிட்டையும் உண்ணலாம்.

சிக்கல் எச்.ஐ.வி. மருந்துடன் வருவதைவிடக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, இதயத்துடிப்பு மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றுடன்தான் அதிகம் வரும். உண்ணும் எல்லா மருந்தையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். எச்.ஐ.வி. இருந்தும் அதற்கு மருந்து எடுக்காதவர்கள் அதையும் சொல்ல வேண்டும்; ரிடோனாவிரை மட்டும் சில நாட்கள் உண்பது, பிற்காலத்தில் அதே குடும்ப மருந்துகளுக்கு எச்.ஐ.வி. வளைந்துகொடுக்காமல் போக இடம் தரலாம்.

தடுப்பூசி பாதுகாப்பானதா? பலன் தருமா?

பாதுகாப்பானது. எச்.ஐ.வி. கட்டுக்குள் உள்ளவர்களிடம் எதிர்ப்பாற்றல் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே உருவாகிறது. சிடி4 200-க்குக் கீழே உள்ளவர்களிடம் குறைவாக உருவாகிறது. அதனால்தான் முற்றிய அல்லது சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூடுதல் தவணை வேண்டும் என்று அமெரிக்கா 2021 ஆகஸ்டில் பரிந்துரைத்தது.

தென்னாப்பிரிக்காவின் அனுபவம் இதில் தனி. இந்தியாவில் தயாரான ஆக்ஸ்போர்டு தடுப்பூசி, நம் ஊரில் கோவிஷீல்டு என்று போட்டுக்கொண்டது, 2021 பிப்ரவரி 1 அன்று பத்து லட்சம் தவணைகளாக ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கியது. அங்கு பரவிய பீட்டா வகையின் மிதமான நோயை அது அதிகம் தடுக்கவில்லை என்ற ஆய்வு முடிவு வந்ததால், ஒரே வாரத்தில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்தத் தவணைகள் பிற ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போயின. பிறகு ரஷ்யாவின் ஸ்புட்னிக் தடுப்பூசியை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 அக்டோபரில் ஏற்க மறுத்தது. ஸ்புட்னிக்கின் ஒரு தவணையில் தடுப்பு மருந்தைச் சுமந்து செல்லும் அடினோ வைரஸ் வகையை வைத்துச் செய்த ஓர் எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனை, பலனில்லை என்று தெரிந்ததால் 2007-இல் நிறுத்தப்பட்டிருந்தது. ஊசி போட்ட ஆண்கள் சிலரிடம் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடியதாகவும் பின்னர் தெரிந்தது; அதுவே இந்த மறுப்புக்குக் காரணம். கொரோனாத் தடுப்பூசியும் அப்படிச் செய்யும் என்பதற்குச் சான்று இல்லை. எனினும் இவ்வளவு எச்.ஐ.வி. உள்ள நாடு முன்னெச்சரிக்கையாக இருக்க விரும்பியது. ஃபைசர், மாடர்னா ஆகியவற்றில் அடினோ வைரஸே கிடையாது.

கறுப்பினத்தவர் தடுப்பூசிக்குத் தயங்கியது அறியாமையாலா?

நினைவாற்றலால் என்பது பொருத்தமாக இருக்கும். அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 600 கறுப்பின ஆண்களைக் கண்காணித்தது. அவர்களில் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. 1947 வாக்கில் பென்சிலின் அந்நோய்க்கு உறுதியான மருந்தாகிவிட்ட பிறகும், நோய் எப்படிக் கொல்கிறது என்று பார்ப்பதற்காக அவர்களுக்கு அது தரப்படவில்லை. அதிபர் கிளிண்டன் 1997-இல் மன்னிப்புக் கேட்டார். எச்.ஐ.வி. காலத்திலும் இந்த நினைவு கூடவே வந்தது. கொரோனாக் காலத்திலும் வந்தது.

ஆனால் எல்லாவற்றையும் டஸ்கீகியின் தலையில் கட்டுவது அதிகாரிகளுக்கு வசதியான சாக்காகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இணையத்தில் மட்டும் முன்பதிவு, காரில் வந்தால்தான் ஊசி, வேலை நேரத்தில் மட்டும் முகாம் என்று வைத்துவிட்டுத் தயக்கத்தைக் குறைகூற முடியாது. தேவாலயங்களிலும் முடிதிருத்தகங்களிலும் ஊசி போடத் தொடங்கிய பிறகு, 2021 இறுதிக்குள் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையினத்தவருக்கும் இருந்த இடைவெளி பெரிதும் சுருங்கியது. மாடர்னா தடுப்பூசிக்கு அடித்தளமான ஆய்வில் முன்னணியில் இருந்த கிஸ்மேகியா கார்பெட் கறுப்பின விஞ்ஞானி. அவரே நேரில் பேசி மக்களின் ஐயங்களைத் தீர்த்தார்.

எச்.ஐ.வி. இருப்பதை வெளியில் சொல்லாமல் தடுப்பூசியில் முன்னுரிமை பெற முடிந்ததா?

இங்கிலாந்தில் முடிந்தது. குடும்ப மருத்துவரிடம்கூட எச்.ஐ.வி.யைப் பற்றிச் சொல்லாதவர்கள் அங்கு கணிசம். அவர்கள் தங்கள் எச்.ஐ.வி. சிகிச்சை மையம் வழியாகவே ஊசி போட்டுக்கொள்ள 2021 தொடக்கத்தில் வழிசெய்யப்பட்டது.

ஊரடங்கின்போது எச்.ஐ.வி. மருந்து கிடைத்ததா?

பயந்த அளவுக்குத் தடைபடவில்லை. தென்னாப்பிரிக்க ஊரடங்கு 2020 மார்ச் 27 அன்று தொடங்கியது. குவாசூலு-நட்டாலின் 65 ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பார்த்தபோது, ஏற்கெனவே மருந்து உண்பவர்கள் பெரும்பாலும் விடாமல் வந்து வாங்கியிருந்தார்கள். விழுந்தது வேறு இரண்டு: புதிதாக எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதும் புதிதாக மருந்து தொடங்குவதும் ஏப்ரலில் ஏறக்குறைய பாதியாகின. பழைய நோயாளிக்குத் தன் மருந்தின் அருமை தெரியும், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதே தெரியாதவர் ஊரடங்கில் எதற்காக மருத்துவமனைக்கு வரப்போகிறார்? கொரோனாவில் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகும் முற்றிய நோயாளிகள் இந்த இடைவெளியிலிருந்துதான் உருவாகிறார்கள்.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. ஆப்பிரிக்காவில் உண்ணப்படும் எச்.ஐ.வி. மாத்திரைகளில் பெரும்பகுதி இந்திய நிறுவனங்களின் தயாரிப்பு. இங்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, கப்பலும் விமானமும் நின்றால் அங்கே மாத்திரைப் புட்டி காலியாகும் என்று ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு எச்சரித்தது. அதன் பிறகு பல நாடுகள் மாதம் ஒருமுறை தருவதை விட்டு, மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் சேர்த்து மாத்திரை தரத் தொடங்கின. வரிசையில் நின்று ஒருநாள் கூலியை இழக்கத் தேவையில்லாததால், பல இடங்களில் அந்தப் பழக்கம் பெருந்தொற்று ஓய்ந்த பிறகும் தொடர்கிறது.

எனக்கு எச்.ஐ.வி. கட்டுக்குள் இருக்கிறது, தடுப்பூசியும் போட்டிருக்கிறேன். இன்னும் நான் தனி ஆபத்துப் பிரிவினரா?

வயது குறைவாகவும் வேறு நோய் இல்லாமலும் இருந்தால், மற்றவர்களைவிடப் பெரிதாகக் கூடுதல் ஆபத்து இல்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் இருந்தால் அவற்றின் காரணமாக ஆபத்துப் பிரிவில்தான் இருக்கிறீர்கள்; காய்ச்சல் வந்த முதல் ஐந்து நாட்களுக்குள் பரிசோதனை செய்துகொண்டால்தான் பாக்ஸ்லோவிட் பயன்படும். அந்த ஐந்து நாட்களில் எச்.ஐ.வி. மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடாதீர்கள்.